கதை அனுப்பி நாலு மாசமாச்சு, பதிலே இல்லை. என்ன செய்ய?

2025 ஏப்ரல் 20
(தொண்டிப் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டது)

அண்ணன்மாரே, டிசம்பர்ல ஒரு சிற்றிதழுக்குச் சிறுகதை மெயில்ல அனுப்பினேன். கிடைச்சுதா இல்லையான்னுகூடப் பதில் வரலை. அதையே இன்னொரு இதழுக்கு அனுப்பலாமா? இன்னொண்ணு, கதை முழுக்க எங்க ஊர்ப் பேச்சு. கடைசியில அருஞ்சொற்பொருள் போடணுமா? போடாட்டி தூக்கிப் போட்டுடுவாங்களா?

ஏப்ரல் 20, ராத்திரி

நாலு மாசமெல்லாம் ஒரு கணக்கா தம்பி. சிற்றிதழ்னா ஆபீஸ், மேசை, உதவியாசிரியர் நாலு பேருன்னு நெனச்சுக்கிட்டியா? பாதி இதழ்ல ஆசிரியரும், மெய்ப்புப் பாக்கிறவரும், உறையில முகவரி ஒட்டுறவரும் ஒரே ஆளுதான். பகல்ல எங்கேயோ வேலை பாத்துட்டு, புள்ளைங்க தூங்கினப்புறம் உன் கதையத் திறப்பார். சி.சு. செல்லப்பா 1959ல 'எழுத்து'ங்கிற சிற்றிதழை ஆரம்பிச்சு 1970 வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தார். புத்தகக் கட்டைத் தானே சுமந்து காலேஜ் காலேஜாப் போய் வித்த மனுசன். இன்னைக்கும் நெலைமை ரொம்ப மாறிடலை. கட்டு மட்டும் கூரியர்ல போகுது.

நான் செய்யிறதைச் சொல்றேன். மூணு மாசம் பொறுப்பேன். அப்புறம் ரெண்டே வரியில ஒரு மெயில்: இன்ன தேதியில இன்ன தலைப்புல அனுப்பினேன், பரிசீலனையில இருக்கான்னு மட்டும். அதுல நம்ம வாழ்க்கை வரலாறு வேணாம். பதினஞ்சு நாள்ல அதுக்கும் பதில் இல்லைன்னா, "கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்"னு ஒரு வரி எழுதிட்டு வேற எடத்துக்கு அனுப்பு. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடாதே. அருஞ்சொற்பொருள் பத்திப் பெறகு சொல்றேன், அதுல எனக்கு ஒரு பழைய கோவம் இருக்கு.

ஏப்ரல் 21

நேத்து பெரிய ஒழுக்கசீலன் மாதிரி எழுதிட்டேன், காலையில படிச்சா எனக்கே சிரிப்பு வருது. அந்த ஒரு வரியை நானே விட்டவன்தான்.

2016ல ஒரே கதைய ரெண்டு இதழுக்கு அனுப்பினேன். முதல் இதழ் அஞ்சு மாசமாப் பேச்சே இல்ல, செத்துப்போச்சுன்னு நெனச்சு ரெண்டாவதுக்கு அனுப்பிட்டு மறந்துட்டேன். ரெண்டாவது இதழ் உடனே போட்டுடுச்சு. அடுத்த வாரம் முதல் ஆசிரியர் போன் பண்றார். "உங்க கதை இருக்கிற ஃபாரம் அச்சாகி மடிப்புக்குப் போயாச்சு தம்பி. இப்பத்தான் அந்த இதழைப் பாத்தேன்." அவ்வளவுதான். திட்டலை, குரலைக்கூட ஒசத்தலை. பதினாறு பக்கக் காகிதம், அச்சுக்கூலி, எல்லாம் அவர் கைக்காசு. அந்த இதழுக்கு அப்புறம் நான் கதையே அனுப்பினதில்ல. அவர் வேணாம்னு சொல்லலை, எனக்குத்தான் வெக்கம்.

முகநூல்ல போட்டாலும் வெளியானதாத்தான் பல பேர் எடுத்துக்கிறாங்க. "நண்பர்களுக்கு மட்டும்னு வச்சுத்தான் போட்டேன்"னு சொல்லிப் பாக்காதே. ஆசிரியரும் உன் நண்பர் பட்டியல்ல இருப்பார்.

ஏப்ரல் 24

என் கடை மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல. ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம். இப்ப மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு. 8,000 ரூபா நிவாரணத்துக்குப் பாஸ்புக் நகல் எடுக்க வர்ற கூட்டம்தான் கடையில. அதுக்கு நடுவுல நேத்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கதையோட வந்தார். மூணு இதழுக்கு அனுப்பினாராம், ஒருத்தரும் சீண்டலையாம். பென் டிரைவ வாங்கித் திறந்து பாத்தா பாமினிங்கிற பழைய எழுத்துரு. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல அதைத் திறந்தா முழுக்க ஆங்கில எழுத்து, தமிழ்ல மெய்யெழுத்துக்குப் புள்ளி விழுற எடமெல்லாம் அரைப்புள்ளி. கதை முழுக்கக் கொசு மொய்ச்ச மாதிரி இருக்கும். பாவம், அந்த மூணு ஆசிரியரும் கதையைப் படிச்சு வேணாம்னு சொல்லலை. அவங்க கண்ணுல கதையே படலை.

யுனிகோடுல அனுப்புங்க. தமிழ்நாடு அரசே 2010ல அதைத் தரம்னு அறிவிச்சாச்சு, இன்னும் பாமினிய விடாம இருந்தா எப்படி? வேர்டு கோப்பா அனுப்புங்க, பிடிஎஃப் வேணாம். பக்கம் கட்டுறவர் அதுலேர்ந்து எழுத்தை உருவுறதுக்குள்ள கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடும். போன்ல பேசித் தட்டச்சு பண்றவங்க அனுப்புறதுக்கு முன்னாடி ஒருதரம் வாய்விட்டுப் படிச்சுருங்க. என் மச்சினன் மகன் கதையில ஒருத்தன் வலைய உதறி ரெண்டு கூடை வாழை எடுத்தான். வாளை மீனாம்.

மே 2

"2,000 சொற்களுக்குள்னு போட்டிருக்காங்க, எனக்கு 2,300 வருது, என்ன பண்றது"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். தமிழ்ல இதுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. 'வந்து கொண்டு இருந்தான்' மூணு சொல். 'வந்துகொண்டிருந்தான்' ஒண்ணு. ஒரு கதைக்கு இப்படி எல்லாத்தையும் ஒட்டவச்சே 200 சொல் கொறைச்சிருக்கேன். ஒரு வாக்கியத்தையும் வெட்டலை!

மே 3

நேத்து சொன்னதை நம்பிக் கண்டதையும் ஒட்டாதீங்க. ஒரு தமிழாசிரியை தனியா எழுதித் திட்டினாங்க. துணைவினையை ஒட்டலாம். அதுக்காக 'அவன்நேற்றுவந்தான்'னு ரயில் பெட்டி மாதிரி கோத்தா படிக்கிறவன் எங்க மூச்சு விடுவான்? நான் கொறைச்ச 200ல நாப்பது அம்பது இந்த ரகம்தான். வேற வழியில்லைன்னா முதல் பத்தியை வெட்டிப் பாருங்க. முக்கால்வாசிக் கதை ரெண்டாவது பத்தியிலதான் ஆரம்பிக்கும். என் கதைகள் மூணாவதுல.

மே 11

இப்ப வட்டாரப் பேச்சு. தம்பி, அருஞ்சொற்பொருள் போடாதே. முடிஞ்சது பேச்சு.

காரணம் சொல்றேன். நம்ம கரையில 'பாடு'ன்னா மீன் கெடைச்ச அளவு. "இன்னைக்குப் பாடு எப்படி?" "நல்ல பாடு." கடல் பக்கம் இல்லாத ஊர்க்காரனுக்குப் பாடுன்னா கஷ்டம். என் கதை ஒண்ணுல அடிக்குறிப்பு எழுதினவர் 'பாடு: துன்பம்'னு போட்டுட்டார். கதையில என்ன நடக்குதுன்னா, அப்பன் கடல்லேர்ந்து வந்து "நல்ல பாடு"ங்கிறான், பொண்டாட்டி சிரிச்சுக்கிட்டே கூடையோட ஓடுறா. அடிக்குறிப்போட படிச்சவன் அவளை என்னன்னு நெனச்சிருப்பான்? கூடைய வச்சுப் புரியாததுக்கு அடிக்குறிப்பு என்ன செஞ்சுடும்?

பழைய கோவம்னு சொன்னேனே, அது இதைவிடப் பெருசு. போன வருசம் ஒரு இதழுக்குக் கதை அனுப்பினேன். மண்டபம் வடகடல் கரையில ஒரு ஊரு, ஆடி மாசம், கச்சான் காத்து, அலையில வத்தைப் படகு கவுந்து ஒருத்தன் சாகுறான். ஆசிரியர் அந்தப் பத்தியக் கோடு போட்டு, "இந்தக் காற்றுக்கு இந்தக் கடலில் இவ்வளவு அலை எழுமா? சரிபார்க்கவும்"னு எழுதி அனுப்பினார். மனுசன் மலைப்பக்கத்து ஊர்க்காரர். ரெண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊர்ல பொறந்து வளந்தவனுக்கு அவர் காத்து சொல்லித் தர்றாராம். பதிலே போடலை. கதையத் திரும்ப வாங்கிக்கிட்டேன், ஒரு வரி மட்டும் எழுதி. இந்தத் தடவை அந்த வரிய மறக்கலை பாருங்க.

ஊர்ப் பேச்சுல கைய வைக்க விடாதே தம்பி. அது நம்ம வீட்டு உப்பு.

மே 12

கீழக்கரைக் காக்கா (அங்க அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க) கேட்டது நியாயமான கேள்வி. அவர் கதையில 'ஆணம்'னு இருந்ததைக் 'குழம்பு'ன்னு மாத்திட்டாங்களாம். அங்க நான் சண்டைதான் போடுவேன். "உம்மா ஆணத்தை ஊத்திச் சோத்தைப் பெசஞ்சு ஊட்டினா"ன்னு எழுதினா தெரியாதவனுக்கும் தெரிஞ்சுடும். புரியலைன்னு ஆசிரியர் சொன்னா சொல்லை விட்டுட்டு வாக்கியத்தை மாத்துங்க. பக்கத்துல ஒரு தட்டோ கரண்டியோ வச்சா போதும், அதுவே அர்த்தம் சொல்லிடும்.

(காக்கா, அடுத்த தடவை கடைக்கு வர்றப்ப தொதல் இனிப்பு கொண்டுவாங்க. போன தடவை கொண்டுவந்தது வீடு வரைக்கும் வந்து சேரலை.)

மே 29

மே 11ல எழுதினதை அழிச்சுடலாமான்னு பாத்தேன். வேணாம், கெடக்கட்டும்.

அம்மா முப்பது வருசம் பாசி எடுத்தவங்க. விரலுக்குத் துணியச் சுத்திக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில பாறையத் தடவி மரிக்கொழுந்துப் பாசி பறிச்ச கை. இப்ப முட்டி ஒத்துழைக்கலை, வீட்டோட இருக்காங்க. எழுதப் படிக்கத் தெரியாது. லீவுக்கு வந்த என் மக பொழுது போகாம என் கதையெல்லாம் எடுத்து அப்பத்தாவுக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டிருந்தா. நான் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன். அந்தக் கச்சான் கதை வந்தது. வத்தை கவுர்ற எடத்துல அம்மா கைய நீட்டி நிறுத்தினாங்க.

"எந்தக் கடல்டா இது?"

"வடகடல்தாம்மா."

"மாசம்?"

"ஆடி."

"கச்சானுக்கு வடகடல் கொளம் மாதிரில்ல கெடக்கும். அந்தப் பய ஏன்டா சாகுறான்? எறங்கி நடந்து வந்திருப்பானே."

இஸ்திரிப் பெட்டி சட்டையிலயே இருந்துடுச்சு. காலர் போச்சு.

இந்தப் பக்கம் பழக்கமில்லாதவங்களுக்குச் சொல்றேன். மண்டபம் ஒரு நாக்கு மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கு. வடக்க பாக் நீரிணைப் பக்கம், தெக்க மன்னார் வளைகுடா. கச்சான் தென்மேற்குக் காத்து. வடகடலுக்கு அது தரையிலேர்ந்து கடலைப் பாத்து அடிக்கும், அலை எழும்ப எடமே இல்ல. அதே நாள்ல தென்கடல் கொந்தளிக்கும். வாடைக்காத்து வந்தா எல்லாம் தலைகீழ், வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கும். இதை வச்சுத்தான் படகுக்காரங்க காலத்துக்கு ஏத்த மாதிரி இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு மாறுவாங்க. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் தெக்கதை ஆண்கடல், வடக்கதைப் பெண்கடல்னு சொல்றதுகூட இதனாலதான்னு பெரியவங்க சொல்வாங்க.

எனக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். டவுசர் போட்ட வயசுலேர்ந்து தெரியும். எழுதும்போது தெரியலை. 'கச்சான்'ங்கிற சொல்லு வாய் நெறைய இருந்தது, போட்டேன். வெளியூர்க்காரன் படிச்சா அசந்துடுவான்னு நெனச்சேன். அந்த மலைப்பக்கத்து மனுசன் அசரலை. யார்கிட்டயோ விசாரிச்சிருக்கார். நான் என் அம்மாகிட்டக்கூட விசாரிக்கலை. 'வீட்டு உப்பு'ன்னு வசனம் வேற எழுதினேன்.

இன்னைக்குக் காலையில அவருக்கு மெயில் போட்டேன். மூணு தடவை எழுதி, மூணு தடவை அழிச்சு, கடைசியில நாலு வரி.

மே 30

பதில் வந்துடுச்சு. "திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன்." அவ்வளவே. கோவமா இருக்காரா இல்லையான்னு எப்படிப் படிச்சாலும் தெரியலை.

ஜூன் 15

நேத்து ராத்திரியோட தடைக்காலம் முடிஞ்சது. ஐஸ், டீசல், டோக்கன்னு ஊரே ஓடுது. கடையில நிக்க நேரமில்ல. யாரும் கேள்வி கேக்காதீங்க.

ஜூன் 22

தொண்டித் தம்பி கதைய எனக்கு மெயில்ல அனுப்பி வச்சது. டிசம்பர்ல அனுப்பின இதழுக்கு நான் சொன்ன மாதிரி ரெண்டு வரி எழுதிக் கேட்டானாம், "பார்வையில் இல்லை"ன்னு பதில் வந்ததாம். (அப்படின்னா என்ன? தொலைச்சுட்டாங்கன்னுதான் அர்த்தம்.) கதை நல்லா வந்திருக்கு. பேச்சுல ஒரு எடத்துலகூட வேசம் இல்ல. நடுவுல அந்தச் சந்தைக் காட்சி நீளம், பாதியா வெட்டு. கடைசிப் பத்தி ரொம்பப் புடிச்சது, அதுல மட்டும் யார் சொன்னாலும் கைய வைக்காதே.

ஜூலை 6

உரிமை பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. கதை இதழ்ல வந்துட்டா அது அவங்களுக்குச் சொந்தமாயிடாது. 1957ஆம் வருசப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு: உரிமைய மாத்திக் கொடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், கொடுக்கிறவர் கையெழுத்து இருக்கணும். எத்தனை வருசத்துக்குன்னு எழுதலைன்னா அஞ்சு வருசம்னு எடுத்துக்குவாங்க. எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். அதனால சிற்றிதழ்ல வந்த கதையைப் பின்னாடி உங்க தொகுப்புல தாராளமாச் சேர்க்கலாம். முதல்ல எங்க வந்ததுன்னு ஒரு வரி நன்றி போட்டுடுங்க, அது மரியாதை. போட்டிக்கு அனுப்புறவங்க மட்டும் விதிகளைப் பூதக்கண்ணாடி வச்சுப் படிங்க. "தேர்வாகாத கதைகளின் உரிமையும் எங்களுக்கே"ன்னு போட்டிருந்த ஒரு போட்டிய என் கண்ணாலயே பாத்திருக்கேன்.

சன்மானம்? இருபது வருசத்துல பதினோரு கதை வந்திருக்கு. ரெண்டுக்குப் பணம் வந்தது, மத்ததுக்கு இதழ் வந்தது, ஒண்ணுக்கு ரெண்டும் வரலை. காசு பாக்கணும்னா எங்க மாமா நண்டு வலைய எடுத்துக்கிட்டு வா, கத்துத் தருவார்.

ஜூலை 27

இதழ் பிரதி வந்து சேர மாட்டேங்குதுன்னு பொலம்பல். முகவரியில 623ல ஆரம்பிக்கிற பின்கோடு முழுசா இருக்கான்னு முதல்ல பாருங்க, 'ராமநாதபுரம் மாவட்டம்'னு மட்டும் எழுதிட்டு நெறையப் பேர் காத்துக்கிட்டிருக்காங்க. பதிவுத் தபாலை 2025லயே ஸ்பீடு போஸ்ட்டோட சேக்கப்போறதா அப்பப் பேச்சு. எங்க அப்பாவுக்குப் பதிவுத் தபால்னாலே கோர்ட்டு நோட்டீஸ்தான். என் முதல் கதை வந்த இதழ் பதிவுத் தபால்ல வந்தப்ப கையெழுத்துப் போட மாட்டேன்னு தபால்காரரைத் திருப்பி அனுப்பிட்டார். மூணு கிலோமீட்டர் சைக்கிள மிதிச்சுப்போய்த் தபாலாபீஸ்ல வாங்கினேன். அட்டையில 'தனிச்சுற்றுக்கு மட்டும்'னு போட்டிருந்தது. அதைப் படிச்சுட்டு அப்பா, "ரகசியக் காகிதமாடா?"ன்னார்.

ஆகஸ்ட் 17

கச்சான் கதைய ஒருவழியா முடிச்சு நேத்து அனுப்பினேன். ரெண்டரை மாசம்.

காத்தை மட்டும் மாத்தினா போதும்னு நெனச்சேன். கச்சான எடுத்துட்டு வாடை போட்டேன். வாடைன்னா மாசம் ஐப்பசிக்கு மேல போகணும். மாசம் போனா ஆடியில வச்சிருந்த கோயில் கொடை போச்சு, கொடை போனா அந்தச் சண்டை போச்சு, சண்டை இல்லைன்னா அவன் ராத்திரியில தனியா வத்தைய எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதே இல்ல. ஒரு சொல்லை இழுத்தா மொத்த வலையும் கையோட வருது.

சரின்னு காத்தையும் மாசத்தையும் அப்படியே விட்டுட்டு ஊரைத் தூக்கி ரோட்டுக்குத் தெக்கால வச்சேன். தென்கடல்னா தீவு வரும், பார் (கடலடிப் பாறை) வரும், சங்கு வரும். முதல்ல நண்டு வலைக்காரனா இருந்தவன் இப்பச் சங்குகுளிக்கிறவன். மாமாவ உக்காரவச்சு மூணு சாயங்காலம் கேட்டேன். கச்சான் காலத்துல சங்குக்குப் போக முடியாதாம், தண்ணி கலங்கிடும், அடி தெரியாதாம். அதனால இப்ப அவன் வேலையில்லாம, கடன்ல கெடக்கான். அதுதான் சண்டைக்குக் காரணமாச்சு. பழைய கதையில சண்டைக்கு உருப்படியாக் காரணமே இல்ல, அதை அப்ப யாரும் கேக்கலை.

மக மறுபடியும் அப்பத்தாவுக்குப் படிச்சா. அம்மா கடைசி வரைக்கும் கேட்டாங்க. "ம். இப்பச் சாவான்"னாங்க.

செப்டம்பர் 21

என்னோடது: எடுத்துக்கிட்டாங்க. எந்த இதழ்ல எப்பன்னு தெரியாது. தலைப்பை மாத்தச் சொல்லியிருக்கார், இந்தத் தடவை சண்டை போடலை, யோசிக்கிறேன்னு எழுதியிருக்கேன்.

தொண்டித் தம்பி கதை ரெண்டாவதா அனுப்பின இதழ்ல அச்சாகி வந்தே வந்துடுச்சு. ரெண்டு பிரதி அனுப்பினாங்களாம். ஒண்ணை ஊர் டீக்கடையில வச்சிருக்கான். நேத்து ராத்திரி போன் பண்ணினான், அழுவுறானா சிரிக்கிறானான்னு தெரியலை. கடையில எல்லாரும் படிச்சாங்களாம், கடைசிப் பத்தி வந்ததும் ஒரு பெரியவர் எந்திரிச்சு, "ஏம்ப்பா, நம்ம ஊர்ல எப்பலேர்ந்து சூரியன் கடல்ல மறையுது?"ன்னு கேட்டாராம்.

தொண்டிக்குக் கடல் கிழக்க. அங்க கடல்ல சூரியன் எழும்பத்தான் செய்யும். ஆசிரியர் பாக்கலை, மெய்ப்புப் பாத்தவர் பாக்கலை. ஜூன் 22ல நான் என்ன எழுதியிருக்கேன்னு மேலே போய்ப் பாத்துக்கங்க.